பாப்பாவுக்கு, படுதா விஷயமாக

சோழவரம்,
தை 6

அன்புள்ள பாப்பா,

நீ அனுப்பிய வீடியோவை உன் அண்ணி நாலு தடவை பார்த்தாள். நான் ஒரு தடவைதான் பார்த்தேன், ஆனால் நிறுத்தி நிறுத்தி. உங்கள் கேரவன் வண்டிக் கூரைமேல், பக்கவாட்டில் நிழலுக்கு விரிக்கிற ஆனிங் துணி ஈரச் சேலை மாதிரி விழுந்து கிடக்கிறது. முன்பக்கக் குழாய் வில்லாக வளைந்திருக்கிறது. ஆனிங்கின் ஒரு கை முழங்கையில் ஒடிந்து முதுகுப்பக்கம் திரும்பியிருக்கிறது. பக்கத்தில் மாப்பிள்ளை இடுப்பில் கைவைத்து நிற்கிறார். அவர் முகம் மட்டும் படத்தில் விழவில்லை. வேண்டுமென்றே விட்டாயோ என்னமோ.

"நாப்பது வருஷமா படுதா தைக்கிறியே அண்ணா, எதைப் போட்டுக் கட்டினா இது நிக்கும், அதை மட்டும் சொல்லு" என்று கேட்டாய். அன்றைக்குக் கடை வாசலில் செங்குன்றம் ரைஸ்மில் லாரி ஒன்று படுதாவுக்காக அவசரத்தில் நின்றது, பதில் சொல்ல முடியவில்லை. தவிர, போனில் சொன்னால் நீ பாதியில் குறுக்கே புகுவாய். கடிதத்தில் புக முடியாது. பொங்கல் முடிந்து கடை ஓய்ந்திருக்கிற இந்த ரெண்டு நாளில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் மாப்பிள்ளை விஷயத்தை முடித்துவிடுகிறேன். "விரிச்சுப் போட்டுட்டு கடலுக்குப் போயிட்டாரு, அறிவே இல்ல" என்று நீ சொன்னதில் பாதி தப்பு. வண்டியை அவர் நிறுத்தியது சரிதான். காலையில் தரைப்பக்கமிருந்து, கிழக்கேயிருந்து, காற்று சுடச்சுட அடித்தது என்று நீயே சொன்னாய். அந்தக் காற்றுக்கு வண்டியின் முதுகைக் காட்டி, மேற்குப் பக்கம் ஆனிங்கை விரித்திருக்கிறார். வண்டியே சுவராக நின்றதால் காலை முழுக்கத் துணி அசையவில்லை. மத்தியானத்துக்கு மேல் காற்று திசை மாறியது. நீங்கள் வண்டியை நிறுத்தியிருந்த ஜெரால்டன் பக்கம், ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில், கோடையில் கடற்காற்று தெற்கேயிருந்து பலமாக வருமாம். பாய்மரப் பலகையில் நின்று கடலில் ஓடுகிறார்களே, அவர்கள் அந்த ஊரைத் தேடி வருவதே அந்தக் காற்றுக்காகத்தானாம். உங்கள் பெர்த்தில் மத்தியானக் கடற்காற்றுக்கு 'ஃப்ரீமேண்டில் டாக்டர்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள் என்று மாப்பிள்ளைதான் ஒரு தடவை சொன்னார், வெயிலில் வாடினவர்களுக்கு வைத்தியம் பார்க்க வருகிறதாம். அதே டாக்டரின் பங்காளி ஒருத்தர் வந்து உங்கள் ஆனிங்குக்கு ஆபரேஷன் செய்துவிட்டுப் போயிருக்கிறார். தெற்குக் காற்று பக்கவாட்டில் நுழைந்து துணிக்கு அடியில் புகுந்துவிட்டது. புகுந்தது வெளியே போக வழி இல்லை, மேலேதான் போக வேண்டும். போயிற்று.

காற்று இப்படித் திசை மாறுவது உனக்குத் தெரியாத விஷயமும் இல்லை. சித்திரையில் அம்மா மொட்டை மாடியில் வேட்டியை விரித்து வடாம் பிழிவாளே, நீ குடைபிடித்துக்கொண்டு காக்கா ஓட்டுவாயே, ஞாபகம் இருக்கிறதா? காலையில் மேல்காற்று. அம்மா மேற்கு ஓரத்தில் நாலு செங்கல் வைப்பாள். பன்னிரண்டு, ஒரு மணிக்கு எண்ணூர்ப் பக்கத்திலிருந்து கடக்காத்து ஏறும். அம்மா சாப்பிட்ட கையைக்கூடச் சரியாகத் துடைக்காமல் மாடிக்கு ஓடி, மேற்கே இருந்த செங்கல்லைத் தூக்கிக் கிழக்கே வைப்பாள். ஒருநாள் நீ மறந்துவிட்டாய். வேட்டி மடங்கி, பாதி காய்ந்த வடாம் மொத்தமும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. அதற்கு உனக்கு விழுந்த திட்டும் மாப்பிள்ளைக்கு நீ கொடுத்த திட்டும் கிட்டத்தட்ட ஒரே வார்த்தைகள்.

இனி உன் கேள்வி. எதைப் போட்டுக் கட்டினால் நிற்கும்?

நீ சொன்ன அளவு பத்தடிக்கு எட்டடி, ஏறக்குறைய ஏழரைச் சதுர மீட்டர். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷெட் போடுகிற எஞ்சினியர் ஒருத்தர் படுதா வாங்க வருவார். அவர் எனக்கு ஒரு கணக்குச் சொல்லிக்கொடுத்தார். காற்றின் வேகத்தை நொடிக்கு இத்தனை மீட்டர் என்று எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, 0.6-ஆல் பெருக்கினால் ஒரு சதுர மீட்டர்மேல் விழுகிற அழுத்தம் நியூட்டனில் வரும். கட்டடக்காரர்கள் பார்க்கிற ஐ.எஸ். 875 புத்தகத்தின் மூன்றாம் பாகத்தில் இருக்கிற கணக்கு அது. நியூட்டன் எல்லாம் நமக்கு எதற்கு, நான் அதை கேஸ் சிலிண்டராக மாற்றிவைத்திருக்கிறேன். 14.2 கிலோ கேஸும் இரும்பும் சேர்த்து நம் வீட்டு சிலிண்டர் சுமார் 30 கிலோ. மணிக்கு 30 கிலோமீட்டர் காற்று உன் துணிக்கு அடியில் புகுந்தால் அதைத் தூக்குகிற பலம் ஒரு சிலிண்டர். 60 கிலோமீட்டர் என்றால் ரெண்டு சிலிண்டர் என்றுதானே நினைப்பாய்? நாலு. வேகம் ரெட்டித்தால் பலம் நாலு மடங்கு. 120 என்றால் பதினாறு சிலிண்டர், அரை டன். துணியின் சாய்வைப் பொறுத்து இது கூடும் குறையும், ஆனால் கையில் பிடித்துக்கொள்ள ஒரு கணக்கு வேண்டுமே.

இன்னொன்று. செய்தியில் சொல்கிற வேகம் சராசரி வேகம். உங்கள் ஊர் வானிலைத் துறை எச்சரிக்கையிலேயே, வீச்சுக் காற்று சராசரியைவிட 40 சதவீதம் கூட இருக்கலாம் என்று போட்டிருக்கிறார்கள். 30 என்று போட்டிருந்தால் நடுநடுவே 42 வரும். 42-க்குக் கணக்குப் போட்டுப் பார், 30-ஐப் போல ரெண்டு மடங்கு. உன் ஆனிங் 30-ல் ஒடியவில்லை பாப்பா, நடுவில் வந்த ஒரு வீச்சில் ஒடிந்தது.

ஆக, கட்டி நிறுத்துவது என்பது ஓர் அளவு வரைக்கும்தான். அந்த அளவு எவ்வளவு என்று தெரிந்துகொள்வதுதான் நம் தொழிலே. இதை நான் கற்றுக்கொண்டது அப்பாவிடம், நம் சோழவரம் ஓடுதளத்தில்.

நீ அப்போது கைக்குழந்தை, கார் ரேஸ் சத்தம்கூட உனக்கு ஞாபகம் இருக்காது. இரண்டாம் உலகப் போரில் வெள்ளைக்காரன் விமானம் இறக்கப் போட்ட ஓடுதளம். சண்டை முடிந்து விமானம் போய்விட்டது, 1953-ல் தொடங்கின மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே ரேஸ் நடத்த ஆரம்பித்தது. 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் தனித் தடம் வருகிற வரைக்கும் இந்தியாவில் மோட்டார் ரேஸ் என்றால் முதலில் சோழவரம் பெயரைத்தான் சொல்வார்கள். மெட்ராஸிலிருந்து சனம் திரண்டு வரும். கோயம்புத்தூர் கரிவரதன் ஓட்டுவதைப் பார்க்க அப்பா வேலையைப் போட்டுவிட்டு ஓடுவார், மேஸ்திரி கத்துவார். அப்பாவுக்கு அங்கே பந்தல் வேலை. எனக்குக் கயிறு தூக்குகிற வேலை.

விமானம் இறங்குகிற இடம் என்றால் மரம் இருக்காது, சுவர் இருக்காது, வெட்டவெளி. காற்று எங்கேயும் முட்டாமல் நேராக வரும். போதாததற்குத் தரை சிமென்ட். முளை அடிக்க முடியாது. அப்பா தார் டிரம்மைக் கழுவி நிறுத்தி, தண்ணீர் நிரப்பி, அதில் சவுக்குக் கம்பைக் கட்டுவார். 200 லிட்டர் டிரம் என்றால் தண்ணீர் மட்டும் 200 கிலோ. கூரைக்குத் தென்னங்கீற்று. கீற்றுப் பந்தல் அவ்வளவு லேசில் பறக்காது. ஏன் தெரியுமா? அது ஒழுகும். மழை ஒழுகுகிற மாதிரியே காற்றும் ஒழுகும். அடியில் புகுந்த காற்று கீற்று இடுக்கு வழியாக மேலே போய்விடும். அப்புறம் சாமியானாத் துணி வந்தது. பார்க்க அழகு, போடவும் சுலபம், ஆனால் மூச்சு விடாது. முதல் வருஷமே துணிப் பந்தல் ஒன்று டிரம்மோடு சாய்ந்து தண்ணீர் கொட்டி, சேலை கட்டிய பெரிய வீட்டம்மாக்கள் எல்லாம் நனைந்துபோனார்கள். அதற்கு அடுத்த வருஷத்திலிருந்து அப்பா துணியின் ஒவ்வொரு மூலையிலும் ஒரு கயிற்றை மட்டும் உருவுசுருக்காகப் போட ஆரம்பித்தார். இழுத்தால் ஒரே இழுப்பில் அவிழும். பந்தலுக்கு ஓர் ஆள் காவல். அந்த ஆளுக்கு வேறு வேலை கிடையாது. ரேஸ் பார்க்கக் கூடாது. வானத்தையும் ஓடுதளத்துக்கு அந்தப்பக்கம் இருக்கிற பனைமரங்களையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அப்பாவின் பந்தலில் அந்த ஆள் நான். நான் ஏழெட்டு வருஷம் ரேஸுக்குப் போயிருக்கிறேன், முழுசாக ஒரு ரேஸ் பார்த்ததில்லை.

அப்பா இவ்வளவு சொல்லியும் எனக்குப் புத்தி வந்தது என் சொந்தத் தப்பில்தான். பத்துப் பதினைந்து வருஷம் இருக்கும். ஜனப்பன்சத்திரம் கூட்டுரோட்டில் வேனில் டிபன் கடை போட்டிருந்த ஓர் அக்கா, பக்கவாட்டில் படுதா போட்டுத் தரச் சொன்னார். ஏற்கெனவே ரெண்டு படுதா கிழிந்திருந்தது. "கிழியாத மாதிரி தச்சுக் குடு தம்பி." எனக்கு ரோஷம். கனமான பி.வி.சி. துணி எடுத்தேன். ஓரத்தில் பெல்ட் வைத்து மூன்று வரித் தையல். அடிக்கு ஒரு கண்ணி, பித்தளையில். நைலான் கயிறு போட்டு, ஒரு பக்கம் வேனின் கூரைக் கேரியரில் பதினாறு கட்டு, இன்னொரு பக்கம் ரெண்டு சவுக்குக் கம்பு, மூன்றடி ஆழம். ஆவணி மாசம் ஒரு சாயங்காலம், திருவள்ளூர்ப் பக்கமிருந்து இடி மேகம். மழைக்கு முன்னால் ஒரு காற்று வருமே, புழுதியைக் கிளப்பிக்கொண்டு, திடீரென்று சில்லென்று, அந்தக் காற்று. போதாததற்கு அதே நேரம் கன்டெய்னர் டிரைலர் ஒன்று ரோட்டை ஒட்டிப் போயிருக்கிறது. டிரைலர் போகும்போது முன்னால் ஒரு தள்ளு, பின்னால் ஓர் இழுப்பு.

படுதா கிழியவில்லை. நான் தைத்த தையல் ஒரு நூல் பிரியவில்லை. கேரியர் பிய்ந்துகொண்டு வந்தது, வேன் கூரைத் தகட்டையும் சேர்த்துக்கொண்டு. சாம்பார் அண்டா கவிழ்ந்தது. நல்லவேளை, யார்மேலும் படவில்லை. அந்த அக்கா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை, "நல்லாத்தான்டா தச்சிருக்க" என்றார். அதைத்தான் இன்றுவரைக்கும் மறக்க முடியவில்லை. கூரை வேலைக்கான பணத்தில் பாதியை நான் கொடுத்தேன்.

அன்றிலிருந்து நான் வண்டிக்குப் படுதா தைத்தால், எது முதலில் போக வேண்டும் என்று யோசித்துத்தான் தைக்கிறேன். கயிறு போகலாம். கயிற்றை மாட்டுகிற காதுப்பட்டை போகலாம், அதற்கு வேண்டுமென்றே ஒற்றை வரித் தையல்தான். துணிகூடக் கிழியட்டும். வண்டி போகக் கூடாது, ஆள்மேல் கம்பி விழக் கூடாது. நீ கேட்டாயே, கூரைக் கம்பியோடு பெல்ட் போட்டு இறுக்கினால் என்ன என்று? அதை மட்டும் செய்யாதே. உன் ஆனிங் பெட்டி வண்டிச் சுவரில் சில திருகாணியில் நிற்கிறது. அந்தச் சுவர் லாரி பாடி மாதிரி இரும்புச் சட்டம் இல்லை, பெரும்பாலும் மெல்லிசான தகடும் நடுவில் நுரையும்தான். ஆனிங் கை ஒடிந்ததற்கு நீ சந்தோஷப்பட வேண்டும். அது ஒடியாமல் இருந்திருந்தால் சுவர் வந்திருக்கும்.

கட்ட வேண்டியது வெளிக்கால் ரெண்டையும். துணியைத் தூக்குகிற பலத்தில் பாதியை வண்டிச் சுவர் தாங்கும், மீதிப் பாதி முன்குழாய்க்கு வரும். 30 கிலோமீட்டர் காற்றில் முன்பக்கம் பதினைந்து கிலோ, காலுக்கு ஏழரை. 20 லிட்டர் தண்ணீர் கேன் ஒவ்வொரு காலிலும் தொங்கினால் தாராளம். 60-ல் காலுக்கு முப்பதுக்குமேல் ஆகிவிடும், கேனும் சேர்ந்து பறக்கும். அதனால் கேன் என்பது சாதாரண நாளுக்கு. தரை மண்ணாக இருந்தால் முளை. முளையை நேராக அடிக்காதே. தலை வண்டியைவிட்டு வெளிப்பக்கம் சாய்ந்திருக்கணும், கயிறு அதிலிருந்து சரிவாக ஏறணும். கடற்கரை மணலில் சின்ன முளை வெண்ணெயில் குத்தின ஊசி. அங்கே சாக்குப்பையில் மணல் அள்ளிக் கட்டி, ஒரு முழம் குழி தோண்டிப் புதைத்து, அதிலிருந்து கயிற்றை எடு. மேலே கிடக்கிற மூட்டையைவிடப் புதைத்த மூட்டை பல மடங்கு பிடிக்கும்.

முளைக்கும் கயிற்றுக்கும் நடுவில் ஏதாவது இழுபடுகிற பொருள் வேண்டும். துணியைக் கிழிப்பது இழுப்பு இல்லை, வெடுக்கென்று வருகிற உதறல். அப்பா சைக்கிள் டியூபை வெட்டி நடுவில் முடிவார். இங்கே லாரிக்காரர்கள் இன்றும் டியூப் கயிறு இல்லாமல் படுதா கட்டுவதில்லை. உங்கள் ஊர்க் கடையில் ஆனிங்குக்கு என்றே ஸ்பிரிங் வைத்த கட்டுப்பட்டை விற்கிறார்கள். அதையே வாங்கு, கௌரவமாக இருக்கும். துணிக்கும் பக்கவாட்டுக் கைக்கும் சேர்த்துக் கவ்வுகிற கிளிப்பும் கிடைக்கிறதாம். அது நல்ல சாமான். படபடவென்று அடிப்பதைப் பாதி குறைக்கும். அந்தப் படபடப்புதான் தையலைத் தின்கிறது. ஒரு கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்துக்கொண்டே இருந்தால் அறுகிறதே, நூலும் அப்படித்தான்.

ஒரு காலை மற்றதைவிட அரை அடி இறக்கி வை. மழைத் தண்ணீர் ஒரு மூலையில் ஓடிவிடும். நாலடிக்கு நாலடி இடத்தில் ரெண்டு இஞ்ச் தண்ணீர் தேங்கினாலே 75 கிலோ, நம் அம்மா எடையைவிட ஜாஸ்தி. மழையோடு காற்றும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். வெயிலுக்கு மட்டும் என்றால், முன்பக்கம் பிளாஸ்டிக் திரை தொங்கவிடாமல் நாற்றங்கால் பச்சை வலை தொங்கவிடு. கீற்று மாதிரி அது ஒழுகும்.

காற்று மாறுவதைப் பற்றி இன்னும் ஒன்று சொல்லணும். 2016 டிசம்பர் 12, வார்தா புயல். அன்றைக்கு என்று பார்த்து நான் துணி எடுக்கப் பாரிமுனை போயிருந்தேன். வடக்கேயிருந்து அடித்த காற்றில் கடை ஷட்டர் தகரடப்பா மாதிரி உள்ளே போய் வெளியே வந்தது. மணிக்கு 110, 120 கிலோமீட்டர் என்று அப்புறம் சொன்னார்கள். சாயங்காலம் திடீரென்று எல்லாம் நின்றுவிட்டது. தெருவில் ஆள் இறங்கினார்கள், ஒருத்தர் பைக்கை நிமிர்த்தினார், ஒருத்தர் செல்போனில் வானத்தைப் படம் எடுத்தார். புயலின் கண் எங்கள் தலைக்குமேல் நிற்கிறது என்று எத்தனை பேருக்குத் தெரியும்? எதிர்க்கடைக்காரர் புத்திசாலி. வடக்குக் காற்றுக்கு என்று கடைமுகப்புப் படுதாவை வடக்கே இழுத்து எட்டுக் கயிறு கட்டியிருந்தார். அதுவரைக்கும் நின்றது. அடுத்த காற்று தெற்கேயிருந்து வந்தது. எட்டுக் கயிறும் தொளதொளத்துப்போய், கட்டே இல்லாத தெற்குப் பக்கம் படுதா மடங்கி ஒரே தூக்கு. நான் பார்த்துக்கொண்டே நின்றேன், அவரும் பார்த்துக்கொண்டே நின்றார். ஜெரால்டனில் உங்களுக்கு நடந்தது வார்தாவின் குட்டிப் பிரதி. அங்கே புயல் வேண்டாம், தினமும் மத்தியானமே போதும்.

அதனால் கயிறு கட்டினால் எதிரும் புதிருமாகக் கட்டு, ஒரு பக்கம் மட்டும் கட்டாதே. இடத்துக்குப் போனதும் ஊர்க்காரர் ஒருத்தரிடம் காலையில் எந்தக் காற்று, மத்தியானம் எந்தக் காற்று என்று கேள். போன் சொல்வதைவிட முகாமிலேயே கிடக்கிற தாத்தா ஒருத்தர் சரியாகச் சொல்வார். மரத்தையும் பார். நீ அன்றைக்கு அனுப்பினாயே, கிரீனஃப் பக்கம் வேரோடு விழுந்த மாதிரி தரையில் படுத்து, தலையை மட்டும் வடக்கே நீட்டிக்கொண்டு இலைவிட்டிருக்கிற மரம். வீடியோவைவிட அந்தப் படத்தைத்தான் நான் ரொம்ப நேரம் பார்த்தேன். அங்கே தெற்குக் காற்று எப்படி என்று அந்த மரம் பச்சையாக எழுதிவைத்திருக்கிறது. நீங்கள் அதன் முன்னால் நின்று சிரித்துப் படம் எடுத்துவிட்டு, போய் ஆனிங்கை விரித்திருக்கிறீர்கள்!

எப்போது சுருட்டணும்? கருவி வேண்டாம். காகிதமும் புழுதியும் தரையைவிட்டுக் கிளம்பினால் காற்று 20-ஐத் தாண்டிவிட்டது. அப்போதே எழுந்திருந்து கிட்டப் போய் நில். சின்ன மரம் கிளை மட்டும் இல்லாமல் மரமாகவே ஆட ஆரம்பித்தால் 30. சுருட்டிவிடு. இது என் கண்டுபிடிப்பு இல்லை, 1805-ல் பியூஃபோர்ட் என்ற இங்கிலாந்துக் கப்பற்படைக்காரர் போட்ட அளவை வைத்துப் பின்னால் வந்தவர்கள் தரைக்குச் சேர்த்தது, இன்றும் வானிலைக்காரர்கள் அதைத்தான் சொல்கிறார்கள். கருமேகம் இருந்து திடீரென்று சில்லென்று ஆனால் மரத்தைப் பார்க்கவும் நேரமில்லை, ஓடு.

சுருட்டுவது ஒருத்தரால் முடிகிற வேலையாக இருக்கணும். மாப்பிள்ளை ஒருத்தருக்குத்தான் அந்தக் கைப்பிடி சுற்றத் தெரியும் என்றால், அவர் கடலில் இருக்கும்போது நீ என்ன செய்வாய்? நீயும் கற்றுக்கொள், பெரியவனும் கற்றுக்கொள்ளட்டும். மோட்டார் வைத்த ஆனிங்கில் ஆட்டம் கண்டால் தானே சுருட்டிக்கொள்கிற சென்சார் வருகிறதாம். இருக்கட்டும், அதை நம்பி வெளியே போகாதீர்கள். ராத்திரி படுக்குமுன் சுருட்டு. வண்டியைவிட்டு நூறு அடி நகர்ந்தாலும் சுருட்டு. நனைந்த துணியைச் சுருட்ட வேண்டி வந்தால் மறுநாளே விரித்துக் காயவை, இல்லையென்றால் கறுப்பு கறுப்பாகப் பூசணம் பிடித்து அந்த வாடை வண்டியைவிட்டுப் போகாது.

மாப்பிள்ளையிடம் சொன்ன வார்த்தைக்கு ஏதாவது ஒரு வழியில் ஈடு செய்துவிடு. நானாகச் சொன்னதாகச் சொல்லாதே.

அம்மா நன்றாக இருக்கிறாள். மூட்டுவலி பனியில் கொஞ்சம் கூட. உனக்கு மாவடு அனுப்பணும் என்றாள், உங்கள் ஏர்போர்ட்டில் பிடுங்கிக் குப்பையில் போட்டுவிடுவார்கள் என்று நானும் அண்ணியும் மாறி மாறிச் சொன்னோம். "ஊறுகாய் என்ன பாம்பா?" என்று கேட்கிறாள். ஓடுதளப் பக்கம் போன வாரம் போயிருந்தேன், நாம் சைக்கிள் பழகின இடம் அடையாளமே தெரியவில்லை.

அடுத்த மாசம் மாப்பிள்ளையின் சித்தப்பா பையன் பெர்த் வருகிறானாம். அவனிடம் துணி கொடுத்தனுப்புகிறேன். அங்கே துணி மாற்ற அவ்வளவு கேட்கிறார்கள் என்றாயே, கையும் குழாயும் அங்கே வாங்கிக்கொள், துணி நான் தைக்கிறேன். அளவு எழுதி அனுப்பு. நீளம், அகலம், மூலைக்கு மூலை குறுக்களவு, மூன்றும் வேண்டும். குறுக்களவு ரெண்டும் ஒன்றாக இல்லை என்றால் பெட்டியே கோணலாக இருக்கிறது என்று அர்த்தம், அதையும் எழுது. பெட்டி உருளையில் துணியின் ஓரம் நுழைகிற வாய் எவ்வளவு என்று ஒரு பென்சிலை நுழைத்துப் பார். பென்சில் போகிறதா, பேனா போகிறதா, ரெண்டும் போகவில்லையா? எல்லாவற்றையும் இஞ்சில் அனுப்பு பாப்பா. மில்லிமீட்டரில் அனுப்பினால் நான் மாற்றுவதற்குள் கால் இஞ்ச் காணாமல் போய்விடும்.

அன்புடன்,
உன் அண்ணன்